அந்த போனை புக் செய்துவிடாதே

அன்புள்ள அருளுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிப் பழகியவன் நான். இன்று அந்த வரியைத் தொடங்கிப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளக் கடிதம். ஒரு போனுக்காக அப்பா இத்தனை பக்கம் எழுதுவாரா என்று உனக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொள். உனக்கு ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கவே கடை கடையாக ஏறி இறங்கி, காம்பஸ் முள்ளைத் திருகித் திருகிப் பார்த்தவன்தானே நான். நீயும் மருமகள் ஷீபாவும் நெதர்லாந்துக்குக் கிளம்ப இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. அதற்குள் அந்தப் புது போன் விற்பனைக்கு வந்துவிடும் என்றும், முன்பதிவு திறந்த அன்றைக்கே எனக்கு ஒன்று போட்டுவிடுவாய் என்றும் சொன்னாய். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். வாயாலேயே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் பார்த்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உன் முகம் திரையில் வந்ததும் வேறு என்னவோதான் பேசினேன். ஹைதராபாத்தில் மழையா, பெட்டி கட்டியாகிவிட்டதா, அங்கே குளிருக்கு என்ன போட்டுக்கொள்வாய். நீயும் பதில் சொன்னாய். நேரம் போய்விட்டது.

முதலில் அந்த போனைப் பற்றி நியாயமாகப் பேசிவிடுகிறேன். பார்க்காமலேயே வேண்டாம் என்கிறார் என்று நீ சொல்லிவிடக் கூடாது. நீ அனுப்பிய அறிமுக விழா வீடியோவை முழுக்கப் பார்த்தேன். மறுநாள் மறுபடியும் பார்த்தேன். கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் மேடையில் இப்படியும் அப்படியும் நடந்தபடி, இதுவரை உலகத்தில் யாருமே ஒழுங்காகப் போட்டோ எடுத்ததில்லை என்பதுபோலப் பேசினார். வாழ்நாள் முழுக்கக் கணக்கு விடைத்தாள் திருத்தியவனுக்குப் பளபள அட்டை போட்ட நோட்டைக் கண்டாலே சந்தேகம் வரும். இருந்தாலும் மார்க் போட்டேன். பேட்டரி இரண்டு நாள் நிற்குமாம், அவர் சொல்வது உண்மையென்றால் அதற்கு முழு மார்க். நிலாவைக் கிட்டே இழுத்துக் காட்டுமாம். நம் மொட்டைமாடிக்குப் போனால் நிலா தெரிகிறது, தெரிகிற தூரமே எனக்குப் போதும். குரூப் போட்டோவில் கண்ணை மூடியவர்களை அதுவே கண் திறக்க வைத்துவிடுமாம், சிரிக்காதவர்களைச் சிரிக்கவும் வைக்குமாம். நம் சபையில் பிரசங்க நேரத்தில் எடுத்தால் பாதிப் பேருக்கு உபயோகப்படும். ஆனால் ஒன்றை மறக்காதே. இது இன்னும் வெளிவராத போன். உன்னைப்போல் என்னைப்போல் ஒரு ஆள் அதைக் கையில் பிடித்துப் பார்த்ததில்லை. வினாத்தாள் எடுத்தவனே விடையையும் எழுதி, அவனே மார்க்கும் போட்டுக்கொண்ட பரீட்சை அது. மற்ற எந்தப் பொருளாக இருந்தாலும், வெளிவந்து நாலு பேர் திட்டியபிறகு வாங்கலாம் என்று ஒரே வரியில் உனக்கு எழுதி முடித்திருப்பேன்.

கடைசியாக ஒன்று காட்டினார்கள். அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஒரு இளைஞன் கடற்கரையில் நாயைத் துரத்திக்கொண்டே போனில் படம் பிடிக்கிறான். திரையின் ஒரு பாதியில் சாதாரண போன் எடுத்த படம், குலுங்கோ குலுங்கென்று குலுங்குகிறது. மறு பாதியில் இந்த போன் எடுத்தது, நாய் ஓடுகிறது, கடல் அசைகிறது, படம் மட்டும் ஆணி அடித்து மாட்டியதுபோல் நிற்கிறது. கை எப்படி ஆடினாலும் படம் ஆடாது என்றார் கறுப்புச் சட்டைக்காரர். அரங்கமே கைதட்டியது. நான் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உனக்கு நினைவிருக்கும். ஈஸ்டருக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்திலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உனக்கு வீடியோ கால் போட்டேன். வாசலில் அம்மா வைத்த செம்பருத்தி பூத்திருந்தது. அதைக் காட்டலாம் என்று போனைத் திருப்பிப் பிடித்தேன். நீ சிரித்தாய். "அப்பா, என்னப்பா இது, நிலநடுக்கமா? பூ எங்க இருக்குன்னே தெரியல. உங்க போன்ல ஸ்டெபிலைசேஷன் போச்சுப்பா, கேமரா அவுட்" என்றாய். நான் உடனே, "ஆமாண்டா, பழசாயிடுச்சு" என்றேன். யோசிக்கவே இல்லை, அவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. "விடுங்க, நான் போறதுக்கு முன்னாடி உங்களுக்கு டாப் மாடல் ஒண்ணு வாங்கித் தந்துட்டுதான் போவேன்" என்றாய். அன்றிலிருந்து நீ அந்த போனைத் தேடிக்கொண்டிருக்கிறாய். எனக்குத் தெரியும், ஆபீஸ் வேலைக்கு நடுவிலும் எந்தக் கேமராவுக்கு நடுக்கம் தாங்கும் சக்தி அதிகம் என்று ஒப்பிட்டு ஒப்பிட்டுப் பார்த்தாய். எனக்கு வந்த மெசேஜெல்லாம் அதைப் பற்றித்தான்.

போனுக்கு ஒன்றும் இல்லை, அருள். ஆடுவது என் கை.

வலது கை. போனைத் தூக்கும்போது ஒழுங்காகத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தால் கட்டைவிரல் பக்கத்தில் மெல்ல ஆரம்பித்து மணிக்கட்டுக்கு வரும். ஒரு வேலையும் இல்லாமல் மடியில் வைத்துக்கொண்டு டி.வி. பார்க்கும்போது இன்னும் அதிகம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தக் கடற்கரைப் பையன் ஓடுவதால் அவன் கை ஆடுகிறது, நின்றால் நின்றுவிடும். எனக்கு நான் சும்மா இருக்கும்போதுதான் அது வேலையைத் தொடங்குகிறது. கரும்பலகையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஸ்கேல் இல்லாமல் கோடு போட்டவன் நான். இப்போது மளிகைச் சாமான் எழுதினால் எழுத்து போகப் போகச் சின்னதாகிவிடுகிறது. கடைசியில் இருக்கும் பெருங்காயத்தைக் கடைக்காரரால் படிக்க முடியவில்லை, "சார், இது இன்னா சார்?" என்று கேட்டார். அவரிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

இது என்னவாக இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ நம் வீட்டில் வளர்ந்தவன். உன் பெரியப்பாவைப் பார்த்தவன். என் அண்ணன் நம்மோடு இருந்த அந்த வருஷங்களில் நீ பள்ளிக்கூடப் பையன். அவருக்கு எப்படி ஆரம்பித்தது என்பது உனக்குத் தெரியாது, நான் சொல்கிறேன். முதலில் அவருடைய பேனாவில்தான் குறை கண்டுபிடித்தோம். மை ஒழுங்காக இறங்கவில்லை, அதனால்தான் கையெழுத்து கோணுகிறது என்று நானே தடிமனான ஒரு பேனா வாங்கி வந்தேன். பிறகு டம்ளர். சூடு தாங்காமல்தான் தளும்புகிறது என்று கைப்பிடி வைத்த கப் வாங்கினோம். அப்புறம் சட்டைக் காஜா சின்னதாக இருக்கிறது என்றோம், தையல்காரரிடம் கொடுத்துப் பெரிதாக்கினோம், அதுவும் முடியாமல் டீ ஷர்ட்டுக்கு மாறினார். ஆலயப் படியில் தடுக்கியபோது செருப்பை மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் ஒரு பொருளை மாற்றிவிட்டு, சரியாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினோம். கடைசியில் டாக்டரிடம் போனபோது அவர் என்னைத்தான் பார்த்தார். "படிச்சவங்கதானே நீங்க? இவ்ளோ நாள் என்ன பண்ணிட்டு இருந்தீங்க? முன்னாடியே வந்திருந்தா எவ்வளவோ நல்லா வெச்சிருந்திருக்கலாமே" என்றார். கடை கடையாகப் போய்ப் பொருள் வாங்கிக்கொண்டிருந்தோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அதனால்தான் நீ ஸ்டெபிலைசேஷன் போய்விட்டது என்று சொன்னபோது எனக்கு அந்தத் தடிமனான பேனா ஞாபகம் வந்தது. உன்னைக் குறை சொல்லவில்லை. நீ என் பிள்ளை, நம் வீட்டுப் புத்தி உனக்கும் வந்திருக்கிறது. நான் பேனா வாங்கினேன், நீ போன் வாங்குகிறாய். வித்தியாசம் விலையில்தான்.

ஜூன் மாதத்தில் ஒரு காலை. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். எடுத்துப் பார்த்தால் டம்ளரில் பாதிதான் இருக்கிறது. "என்ன, பாதியோட நிறுத்திட்ட?" என்றேன். "பால் கொஞ்சம்தான் இருந்துச்சு" என்றாள். நான் தலையாட்டிவிட்டுக் குடித்தேன். உன் பெரியப்பாவுக்கு நம் வீட்டில் எல்லோரும் பாதி டம்ளர்தான் ஊற்றுவோம், ஞாபகம் இருக்கிறதா? தளும்பிக் கொட்டினால் அவர் கூனிக் குறுகிப் போவார் என்று யாரும் யாருக்கும் சொல்லாமலே வந்த பழக்கம் அது. நீகூட உனக்கு விவரம் தெரியாத வயசிலேயே அவருக்குத் தண்ணீர் பாதிதான் கொண்டுபோவாய். அன்றைக்குக் காபி குடித்து முடித்தபிறகு சமையலறைக்குப் போனேன். பால் பாத்திரம் நிறையப் பால் இருந்தது. அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திரும்பவே இல்லை. அதுவரை எனக்குள்ளேயே வைத்திருந்த ஒரு சந்தேகம் அன்றைக்கு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

இப்போது அந்த போனுக்கு வருகிறேன். நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேற்கு தாம்பரம் மார்க்கெட் பக்கம் யூசுப் பாய் கடை இருக்கிறதே, நம் வீட்டு போன்கள் எல்லாம் வாங்கிய இடம், அங்கே போனேன். ரயில்வே மேம்பாலத்தில் ஏறி இறங்குவதற்குள் மூச்சு வாங்கியது. பெயரைச் சொன்னதும் பாய் கையை விரித்தார். "அது இன்னும் வரலையே சார். டெமோ பீஸ்கூட யாருக்கும் குடுக்கல. நானும் உங்கள மாதிரி யூட்யூப்ல பாத்ததுதான்" என்றார். அந்த ஆடாத கேமரா நிஜமா என்று கேட்டேன். "போன வருஷ மாடல்லயே இருக்கு சார். புதுசுல இன்னும் சூப்பரா இருக்கும்னு சொல்றாங்கோ. இந்தாங்க, புடிச்சுப் பாருங்க" என்று கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ரோட்டைப் பார்த்துப் பிடித்தேன். "இப்போ கைய ஆட்டுங்க சார். நல்லா ஆட்டுங்க" என்றார். நான் ஆட்டவில்லை. அதுவாகவே ஆரம்பித்தது. "அப்டித்தான் சார்! கரெக்டா ஆட்றீங்க. ஸ்கிரீனப் பாருங்க, அசையுதா?"

அசையவில்லை, அருள். பூக்கூடைக்குத் தண்ணீர் தெளிக்கும் அம்மாள், ஹார்ன் அடித்துக்கொண்டு திரும்பும் பேருந்து, குடையை மடக்கும் ஒரு காலேஜ் பெண், எல்லாம் திரையில் பளிங்குபோல நின்றன. அதற்குக் கீழே என் கை அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. ஒரே நேரத்தில் இரண்டையும் பார்த்தேன். பயமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. "போதும் சார், நிறுத்துங்க" என்று பாய் சிரித்தார். நிறுத்த முடியவில்லை. போனைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்துவிட்டுக் கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் நுழைத்துக்கொண்டேன். பாக்கெட்டுக்குள்ளேயும் அது ஆடுவதை அவர் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "டீ சொல்லட்டுமா சார்?" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் எனக்கு டீ சொன்னது இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். உன்னிடம் மறைக்காமல் எழுதுகிறேன், அந்த போன் எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ரிட்டயர் ஆனபிறகு எந்தப் பொருள்மேலும் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததில்லை. யோசித்துப் பார். நீ அதை வாங்கித் தருவாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உனக்குச் செம்பருத்தியைக் காட்டுவேன், மாடியிலிருந்து தெரியும் மழையைக் காட்டுவேன், ஒன்றும் ஆடாது. என் முகத்தைக் காட்டும்போது தோளுக்குக் கீழே தெரியாது. நீ அங்கே ஆபீஸுக்குப் போவாய், ஷீபா படிப்பை முடிப்பாள், அப்பா ஜம்மென்று இருக்கிறார் என்று நண்பர்களிடம் சொல்வாய். இதை நான் உன்னிடம் இன்று சொன்னால் நீ என்ன செய்வாய் என்றும் எனக்குத் தெரியும். உன் பயணத்தை நிறுத்திவிடுவாய். அந்த வேலைக்காக நீ எத்தனை இன்டர்வியூ போய்த் தோற்று வந்தாய் என்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான். என் கையால் அது கெடக் கூடாது. அந்த போன் இருந்தால் கெடாது. ஒரு அப்பாவுக்கு இதைவிட நல்ல போன் எங்கே கிடைக்கும் என்றுகூட நினைத்தேன்.

ஆனால் அது எதையெல்லாம் மறைக்காது என்றும் கூடவே நினைப்பு வந்தது. பெரியப்பாவுக்குக் கடைசியில் கையைவிட முகம்தான் அதிகம் கெட்டது. சிரிக்க வேண்டும் என்று அவர் நினைப்பார், முகம் சிரிக்காது. பெரியப்பா என்மேல் கோபமாக இருக்கிறாரா என்று நீ என்னிடம் வந்து கேட்டாய். குரல் உள்ளே போய்விட்டது, பக்கத்தில் காதை வைத்தால்தான் கேட்கும். எனக்குப் பயம் அதுதான், அருள். நாளைக்கு உனக்கு ஒரு குழந்தை பிறக்கும். அது திரையில் என்னைப் பார்க்கும்போது என் முகம் கல்லு மாதிரி இருந்தால்? அந்தக் கறுப்புச் சட்டைக்காரர் அதற்கும் வழி வைத்திருக்கிறார், சிரிக்காதவர்களைச் சிரிக்க வைப்பேன் என்றாரே. என் பேத்திக்கு ஒரு போன் ஒட்டவைத்த சிரிப்பைக் காட்டிக்கொண்டு நான் இருக்க வேண்டுமா? இதை நினைத்தபோது தாம்பரம் மார்க்கெட் கூட்டத்துக்கு நடுவில் கொஞ்ச நேரம் ஒரு கடை ஓரமாக நின்றுவிட்டேன்.

இவ்வளவு பயந்தும் நான் மறைப்பதாகத்தான் முடிவு செய்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஆலயத்துக்குக் கிளம்பும்போது, அம்மாவிடம் அதைச் சொன்னேன். எங்களுக்குள் முதல் தடவையாக அன்றைக்குத்தான் வாயைத் திறந்து பேசினோம். "அவன் அந்த போன புக் பண்ணட்டும். ஃப்ளைட் ஏறுற வரைக்கும் அவனுக்குத் தெரிய வேணாம். போய் செட்டில் ஆகட்டும்" என்றேன். அவள் அப்போது என் எதிரில் நின்று சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆமாம், அதையும் எழுதிவிடுகிறேன், சில மாதங்களாக அவள்தான் போட்டுவிடுகிறாள். நேரமாகிறது, நேரமாகிறது என்று அவசரப்படுத்துவதுபோல் வந்து போட்டுவிடுவாள். நானும் அவசரத்தில் இருப்பவன்போல் நிற்பேன்.

"படம் ஆடாது. சரி" என்றாள். "இந்தப் பட்டன அந்த போன் வந்து போடுமா?"

"அதுக்கு நீ இருக்கியே."

அவள் கை பட்டனிலேயே நின்றுவிட்டது. "நான் இருக்கேன். எனக்கு யாரு இருக்கா? உங்க அண்ணனுக்கு நாம ரெண்டு பேர் இருந்தோம், ஒருத்தர் அசந்தா இன்னொருத்தர் பாத்துக்கிட்டோம். அப்பவே என்ன பாடு பட்டோம்? இப்போ இத நான் யார்கிட்ட சொல்லி அழறது? புள்ளைகிட்டகூட சொல்லக் கூடாதுன்னா நான் எங்க போறது?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. கடைசிப் பட்டனையும் போட்டுவிட்டு, காலரை நீவிவிட்டு, "கிளம்புங்க, முதல் மணி அடிச்சிட்டாங்க" என்றாள். அன்றைக்கு ஆராதனையில் என்ன பாட்டு பாடினோம் என்றுகூட எனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கு மூட்டு வலி. மாடிப்படி ஏறும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறுகிறாள். நான் மறைக்க நினைத்த ஒவ்வொன்றையும் அவள் தலையில் ஏற்றிவிட்டு, அதற்கு மேல் வாயையும் மூடிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். உனக்கு நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில் அவளைத் தனியாக விட்டுவிடப் பார்த்தேன். அது எனக்கு அந்தப் பட்டன் நேரத்தில்தான் உறைத்தது.

அதனால் அந்த போன் வேண்டாம். அது மோசமான போன் என்பதால் சொல்லவில்லை. அவர்கள் சொன்னபடியே அது வேலை செய்துவிடுமோ என்றுதான் பயப்படுகிறேன். சுமாரான கேமரா என்றால் எப்படியும் ஒரு நாள் நீ கண்டுபிடித்துவிடுவாய். அது சொன்ன சொல் காப்பாற்றினால் நீ கண்டுபிடிக்கவே மாட்டாய், நானும் டாக்டரிடம் போகவே மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். ஆடாத படத்தை நானே பார்த்துப் பார்த்து, நமக்கு ஒன்றும் இல்லை என்று நம்பிவிடுவேன். உன் பெரியப்பா அந்தத் தடிமனான பேனாவை நம்பியதுபோல.

புத்தி சொல்லாமல் கடிதம் எழுதினால் அப்பா எழுதியதுதானா என்று நீ சந்தேகப்படுவாய். ஆகையால் ஒன்றே ஒன்று. நம் வீட்டில் ஆளைப் பார்க்கப் பயந்துகொண்டு சாமானை மாற்றுகிற ஒரு பழக்கம் இருக்கிறது. அதை மட்டும் உன் பெட்டியில் கட்டிக்கொண்டு போகாதே. அந்த ஊரில் ஷீபா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்றால், அரிசி சரியில்லை, குக்கர் சரியில்லை என்று புதுசு வாங்கக் கிளம்பாதே. உட்கார்ந்து என்ன என்று கேள். அவள் சொல்கிற பதில் பயமாக இருந்தாலும் கேள். உனக்கே ஏதாவது என்றாலும் அவளிடம் சொல். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம். ஒரு தகுதியும் இல்லை. பயந்துகொண்டே எழுதுகிறேன், அவ்வளவுதான். நம் சபைப் பத்திரிகை ஆசிரியரிடமும் ஒரு பிரதி கொடுக்கலாம் என்று இருக்கிறேன். பாக்கெட்டுக்குள் கையை வைத்துக்கொண்டு ஆராதனைக்கு வருகிறவன் நான் ஒருவன் மட்டும் இருக்க மாட்டேன்.

உன் பயணத்தைப் பற்றியும் எழுத வேண்டும். இதே இடத்தில் முதலில், நீ தைரியமாகப் போ என்று எழுதினேன். படித்துப் பார்த்தபோது நடிப்பாக இருந்தது. தாளைக் கிழித்துவிட்டு, போகாதே என்று எழுதினேன். அதைப் படிக்க வெட்கமாக இருந்தது. அதையும் கிழித்தேன். இரண்டுமே என் மனசில் இருப்பதுதான். காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று. ஆகவே இரண்டையும் நான் சொல்லப் போவதில்லை. நீயும் ஷீபாவும் உட்கார்ந்து முடிவெடுங்கள். எதுவானாலும் நான் மறுபேச்சுப் பேச மாட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் மாட்டேன். என்னை நேரில் பார்த்துவிட்டு அந்த முடிவை எடு. ஆடாத ஒரு படத்தைப் பார்த்துவிட்டு எடுத்துவிடாதே.

வருகிற வெள்ளிக்கிழமை காலை குரோம்பேட்டையில் ஒரு நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள் அம்மா. நானாக இருந்தால் வாங்கியிருக்க மாட்டேன், அவளேதான் போன் செய்து பெயர் கொடுத்தாள். வியாழக்கிழமை சாயந்திரம் ரயில் ஏறினால் காலையில் தாம்பரத்திலேயே வந்து இறங்கிவிடலாம். லீவு கிடைக்குமா என்று பார். கிடைக்காவிட்டாலும் எப்படியாவது வா. என்ன வியாதி என்று அவர் பெயர் சொல்லப்போகிறார். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைத் தனியாகக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. பெரியப்பாவோடு போனவன் நான்தானே, அங்கே என்ன செய்வார்கள் என்று தெரியும். விரல்களைத் தட்டச் சொல்வார். நடந்து காட்டச் சொல்வார். பிறகு இரண்டு கையையும் முன்னால் நீட்டி அப்படியே வைத்திருங்கள் என்பார். நான் நீட்டுவேன். அப்போது நீ என் கையை மட்டும் பார், அருள். முகத்தைப் பார்க்காதே. பார்த்தால் நான் அழுதுவிடுவேன்.

உன் வருகைக்காக ஜெபத்தோடு,
அப்பா